வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் எழுதுவது: முதல் பக்கத்திலிருந்து கடைசித் திருத்தம் வரை

வேலைக்குப் போகிறவர்கள் நாவல் எழுதாமல் போனதற்குக் காரணம் கேட்டால் நேரம் இல்லை என்றுதான் சொல்வோம். நானும் பல வருடம் அதையே சொன்னேன். மூன்றாவது நாவலை எழுதும்போதுதான் உண்மையான தொல்லை எதுவென்று பிடிபட்டது. செவ்வாய்க்கிழமை முக்கால் மணி நேரம் எழுதுகிறோம். புதனும் வியாழனும் அலுவலகத்தில் ஏதோ அவசரம். வெள்ளிக்கிழமை கோப்பைத் திறந்தால், இந்தப் பெண் எதற்காக மாடிக்கு ஏறினாள் என்பதே நினைவில்லை. பழைய பக்கங்களைப் படித்து, விட்ட இடத்தைப் பிடித்து, கை சூடேறும் நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்கிறது. நேரம் குறைவு என்பதைக் கூடச் சமாளித்துவிடலாம். இரண்டு அமர்வுகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் இந்த மறதிதான் பாதி நாவல்களைக் கொல்கிறது. கீழே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த மறதியோடு மல்லுக்கட்டும் வழிகள்தான்.

தொடங்கும் முன் ஒரே ஒரு பக்கம்

கதைச்சுருக்கம் முழுவதையும் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள் உண்டு, எதுவும் தெரியாமல் குதிக்கிறவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன. ஆனால் வேலைக்கு நடுவே எழுதுகிறவருக்கு ஒரு பக்கக் குறிப்பாவது கையில் இருந்தாக வேண்டும். யாருடைய கதை, அவருக்கு இப்போது என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பார், இவ்வளவு போதும். உதாரணத்துக்கு:

"மாலதி, 41 வயது. அப்பா இறந்த பிறகு வீட்டை விற்றுவிட்டுப் பத்து நாளில் திரும்பிவிட நினைக்கிறாள். தம்பி முருகன் கையெழுத்துப் போட மறுக்கிறான். காரணத்தையும் சொல்ல மாட்டேன் என்கிறான். அப்பாவின் அறையில் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கிறது."

முடிவு தெரியவில்லையா, பரவாயில்லை. முடிவு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்தால் சரி. வீடு விற்கப்படுமா இல்லையா என்பதைப் போகப் போகத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

இதோடு இன்னொரு முடிவையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள்: யார் கதை சொல்கிறார்கள்? இது எல்லா மொழிக்கும் உள்ள கேள்விதான், ஆனால் தமிழில் இதைத் தள்ளிப்போட்டால் அபராதம் அதிகம். மாலதியே சொன்னால் "அப்பா வந்தார்". வெளியிலிருந்து ஒரு கதைசொல்லி சொன்னால் அந்த அப்பாவை 'அவர்' என்பதா 'அவன்' என்பதா? பாதி நாவல் எழுதிய பிறகு மனம் மாறினால் 'அவர்' என்ற சொல்லை மட்டும் மாற்றினால் தீராது. வந்தார், நின்றார், சொல்லியிருந்தார் என்று ஒவ்வொரு வினைமுற்றையும் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். அதனால் முதல் காட்சியை 'நான்' கோணத்தில் இரண்டு பக்கம், 'அவள்' கோணத்தில் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எதில் கை தானாக ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைக்குப் போகும் இரண்டு நாள் வீண் இல்லை.

கணக்கும் கடிகாரமும்

ஒரு நாளுக்கு 300 சொற்கள், வாரத்துக்கு 5 நாள் என்றால் 1,500. நாற்பது வாரத்தில் 60,000 சொற்கள். அச்சில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 சொற்கள் என்று வைத்துக்கொண்டால் 300 பக்கம். வருடத்தில் மிச்சமிருக்கும் பன்னிரண்டு வாரம் காய்ச்சலுக்கும், விருந்தாளிகளுக்கும், வேலையில் தலைக்கு மேல் வெள்ளம் போகும் நாட்களுக்கும். வார இறுதியில் 3,000 சொற்கள் எழுதி ஈடுகட்டிவிடலாம் என்ற திட்டத்தை நான் நம்புவதில்லை. வாரநாட்களில் தொடாமல் இருந்தால் சனிக்கிழமை காலை முழுதும் நாவலை ஞாபகப்படுத்திக்கொள்வதிலேயே போய்விடும்.

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலப் அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார், கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். இந்த 250 கணக்கைத்தான் எல்லோரும் சொல்லிப் பயமுறுத்துவார்கள். எனக்குப் பயன்பட்டது அவர் தன்வரலாற்றில் சொல்லும் இன்னொரு விஷயம்: முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பது, அதன் ஓசையைக் காதில் ஏற்றிக்கொள்வது. அவர் தினமும் மூன்று மணி நேரம் எழுதினார், நமக்கு அவ்வளவு கிடையாது. முக்கால் மணியில் பத்து நிமிடம் படிப்பு, முப்பது நிமிடம் எழுத்து. மீதி ஐந்து நிமிடத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் அடுத்த முறை வந்து உட்காரப்போகும் எனக்கு ஒரு சீட்டு எழுதி வைப்பேன். அது இப்படி இருக்கும்:

"மாலதி இன்னும் மாடியில். சாவி அவளிடம் இருப்பது முருகனுக்குத் தெரியாது. அடுத்து: கீழிருந்து அவன் கூப்பிடுகிறான், இவள் பதில் சொல்லவில்லை. சந்தேகம்: வீட்டில் மின்சாரம் இருக்கிறதா? முன் அத்தியாயத்தில் துண்டித்துவிட்டதாக எழுதிய ஞாபகம்."

நான்கு வரி. மூன்று நாள் கழித்து வந்தாலும் இரண்டே நிமிடத்தில் மாடிக்கு ஏறிவிடலாம். காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். முடிந்த காட்சிக்குப் பிறகு வெற்றுப் பக்கம்தான் காத்திருக்கும். பாதியில் நிற்கும் காட்சி நம்மை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மேசை முன் உட்கார முடியாத நாளில் கைபேசியில் பேசித் தட்டச்சு செய்யலாம். தமிழை இப்போது நன்றாகவே எடுத்துக்கொள்கிறது. நிறுத்தக்குறிகளைப் பெரும்பாலும் நாம்தான் போட வேண்டியிருக்கும். உரையாடல் நன்றாக வரும், வர்ணனை பேச்சுமொழியில் வழிந்துவிடும். வழியட்டும், அது முதல் வரைவுதானே.

முதல் வரைவு: பின்னால் திரும்பாதீர்கள்

முதல் அத்தியாயத்தைப் பதினேழு முறை திருத்திவிட்டு மூன்றாவது அத்தியாயத்தைத் தொடாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. திருத்துவது சுகமாக இருக்கும், வேலை நடப்பது போலவும் தோன்றும். ஆனால் நாவலின் முடிவு தெரியாமல் தொடக்கத்தைச் செதுக்குவது வீட்டுக்குச் சுவர் எழுப்பும் முன் வண்ணம் வாங்கி வருவது மாதிரி.

எழுதும்போது தெரியாத தகவல் குறுக்கிட்டால் நின்று தேட வேண்டாம். ### என்று ஒரு குறி போட்டு, "### பத்திரப் பதிவுக்கு எத்தனை சாட்சி" என்று எழுதிவிட்டு மேலே போங்கள். பிற்பாடு அந்தக் குறியைத் தேடினால் எல்லாச் சந்தேகமும் வரிசையாக வந்து நிற்கும். இணையத்தில் தகவல் தேடுவது களைத்த மூளையாலும் முடியும், எழுதுவது முடியாது. ஆகவே காலை எழுத்துக்கு, இரவு தேடலுக்கு.

கதை நடுவில் மாறும். முப்பதாயிரம் சொல் தாண்டியதும் மாலதிக்கு இருக்கும் அக்கா தேவையே இல்லை என்று தெரியவரும். அப்போது பின்னால் போய் அக்காவை அழிக்காதீர்கள். 'மாற்றங்கள்' என்று தனிக் கோப்பில் "அத்தியாயம் 11 முதல் அக்கா கிடையாது. 2, 5, 8 சரிசெய்ய வேண்டும்" என்று குறித்துவிட்டு, அக்கா பிறக்கவே இல்லை என்பது போல மேலே எழுதுங்கள். இந்தக் கோப்பு நீண்டுகொண்டே போகும். போகட்டும், இரண்டாம் வரைவுக்கு அதுதான் வேலைப்பட்டியல்.

நடுவில் ஒரு பாலைவனம் வரும். தொடக்கத்தின் வேகம் தீர்ந்திருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரியாது. எனக்கு மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே காரணம்தான் இருந்தது: கதாபாத்திரங்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் திரும்ப எடுக்க முடியாத காரியம் எதையும் செய்யவில்லை. முருகன் ஐந்து காட்சிகளில் ஐந்து விதமாக மறுத்தால் அது ஒரே காட்சிதான். அவன் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் கதை நகரும்.

சில நடைமுறை விஷயங்கள். தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக் கோப்பு இன்னொரு கணினியிலும் கைபேசியிலும் குழம்பிப்போகும், தேடுவதும் பாடாகிவிடும். கோப்புக்கு 'இறுதி', 'புதிய இறுதி', 'இதுதான் இறுதி' என்றெல்லாம் பெயர் வைக்காமல் ஆண்டு-மாதம்-நாள் என்று எண்ணில் வையுங்கள், தானாக வரிசையில் நிற்கும். ஒரு நகல் கணினியில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வாரத்துக்கொருமுறை பென்டிரைவில்.

ஆறு வாரம் தொடாமல்

முடித்த அன்று யாருக்கும் அனுப்பாதீர்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் கோப்பைத் திறக்கவே வேண்டாம். இதுவரை எதிரியாக இருந்த மறதி இந்த ஒரு இடத்தில் நம் பக்கம் சேர்ந்துகொள்கிறது. நாம் எழுத நினைத்தது மறந்து போனால்தான் பக்கத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒரே மூச்சில் வாசிப்பு, அப்புறம் காட்சிப் பட்டியல்

முடிந்தால் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முழுவதையும் வாசியுங்கள். நான் விடுப்பைச் செலவழிப்பது எழுதும்போது இல்லை, இந்தக் கட்டத்தில்தான். அச்செடுத்து வாசிப்பது நல்லது. முடியாவிட்டால் எழுத்துருவையும் அளவையும் மாற்றி, எழுதிய கணினியில் அல்லாமல் வேறு திரையில் வாசியுங்கள். பிழை திருத்தக் கூடாது. ஓரத்தில் மூன்றே குறிகள்: சலித்த இடம், நம்ப முடியாத இடம், குழம்பிய இடம். எழுத்துப்பிழையைத் திருத்த ஆரம்பித்தால் வாசகராக இருப்பது அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, திருத்தத்திலேயே மிக முக்கியமானது என்று நான் நினைக்கும் வேலை. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி வீதம் பட்டியல் போடுங்கள். எந்த நாள், எந்த இடம், யார் யார், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது, வாசகருக்குப் புதிதாக என்ன தெரிந்தது. மனதில் இருக்கும் நாவலுக்கு அல்ல, பக்கத்தில் இருக்கும் நாவலுக்கு.

"காட்சி 14. மூன்றாம் நாள் மாலை, மாடி. மாலதி மட்டும். மாற்றம்: சாவி கிடைக்கிறது. புதிது: பெட்டிக்கு இரண்டு பூட்டு."

"காட்சி 15. அன்றே இரவு, கூடம். மாலதி, முருகன். மாற்றம்: இல்லை. புதிது: இல்லை."

"காட்சி 16. நான்காம் நாள், வக்கீல் அலுவலகம். மாலதி. மாற்றம்: கையெழுத்துக்குக் கெடு விதிக்கப்படுகிறது. புதிது: அப்பா இரண்டு வருடம் முன்பே வீட்டை விற்க முயன்றிருக்கிறார்."

பதினைந்தாவது காட்சிக்கு எதிரில் இரண்டு 'இல்லை'. நான்கு பக்கம் உருக்கமான உரையாடல், எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்திருக்கும். ஆனால் அதைத் தூக்கிவிட்டு 14-ஐயும் 16-ஐயும் ஒட்டினால் யாருக்கும் எதுவும் குறையாது. அதில் உயிருள்ள வரி ஒன்றிரண்டு இருந்தால் வேறு காட்சிக்குள் செருகலாம். வெட்டியதை அழிக்காமல் 'வெட்டியவை' என்ற கோப்பில் போட்டுவிட்டால் மனது ஆறிவிடும். அந்தக் கோப்பிலிருந்து நான் எதையும் மீட்டதாக ஞாபகம் இல்லை, இருந்தாலும் அது இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் காலக்குழப்பமும் வெளியே வரும். என் இரண்டாவது நாவலில் ஒரு பையன் கதைக்குள் மூன்று வருடம் ஓடியும் ஆறாம் வகுப்பிலேயே இருந்தான். அதே நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் கிழக்கு பார்த்திருந்த வாசல் வழியாகப் பதினேழாம் அத்தியாயத்தில் சாயங்கால வெயில் உள்ளே வந்தது. வாசலைக் கண்டுபிடித்தது நான். பையனைக் கண்டுபிடித்தது அச்சான பிறகு வாசித்த ஒரு ஆசிரியை. அதிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்தின் பிறந்த வருடத்தையும் வீட்டின் வரைபடத்தையும் ஒரு தாளில் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் வரைவு: பெரியதிலிருந்து சின்னதுக்கு

வரிசை மாறக் கூடாது. முதலில் எந்தக் காட்சி இருக்கும், எது போகும், எது புதிதாக வரும். பிறகு காட்சிக்குள் வரிசை. அதற்கப்புறம்தான் வாக்கியம். வெட்டப்போகும் காட்சியின் வாக்கியத்தை மெருகேற்றுவதில் போன வாரங்கள் திரும்பி வராது. மெருகேற்றிவிட்டால் வெட்டவும் மனம் வராது, அது இன்னும் மோசம்.

மாற்றம் அதிகம் தேவைப்படும் காட்சியைப் பழைய கோப்பில் ஒட்டுப்போட வேண்டாம். பழையதை ஒருமுறை படித்துவிட்டு மூடி வைத்து, வெற்றுப் பக்கத்தில் மறுபடி எழுதுங்கள். ஒட்டுப்போட்ட காட்சியில் தையல் தெரியும். மறுபடி எழுதும்போது முக்கியமானது மட்டும் நினைவில் வரும், மற்றதெல்லாம் தானாக உதிரும்.

மூன்று பேருக்குக் கொடுங்கள்

இப்போது கொடுக்கலாம். ஒருவர் நிறைய வாசிக்கிறவர், ஒருவர் எழுதுகிறவர், ஒருவர் கதையின் களத்தை அறிந்தவர். நாவலில் வக்கீல் வந்தால் ஒரு வக்கீல். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள், யாரை நம்பவில்லை, எந்த இடத்தில் அடுத்து நடப்பது முன்பே தெரிந்துவிட்டது, இப்படிக் கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே விளக்கம் கொடுக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். அதை எப்படி மூடுவது என்று அவர்கள் சொல்லும் யோசனையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பள்ளம் தொடங்குவது பத்துப் பக்கம் முன்னால் இருக்கலாம்.

வாக்கியத்துக்கு வருவோம்

முதல் வரைவில் இப்படி ஒரு பத்தி:

"மாலதி மிகுந்த மனவேதனையுடன் மெல்ல அறைக்குள் நுழைந்தாள். அங்கே அப்பாவின் நினைவுகள் எங்கும் நிறைந்திருந்தன. அவர் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. அவளுடைய கண்கள் கலங்கின. ஏனோ அவளுக்கு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவளால் முடியவில்லை."

திருத்திய பிறகு:

"அப்பாவின் நாற்காலியில் தம்பியின் மடிக்கணினிப் பை கிடந்தது. மாலதி அதை எடுத்துத் தரையில் வைத்தாள். வலது கைப்பிடியில் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்திருந்தது. உட்காரவில்லை. பையை எடுத்து மறுபடி நாற்காலியிலேயே வைத்துவிட்டு சன்னலைத் திறக்கப் போனாள்."

மனவேதனை, நினைவுகள், கலங்கிய கண்கள் மூன்றும் போய்விட்டன. கைப்பிடி தேய்ந்ததில் அப்பா வந்துவிட்டார், பையில் தம்பி வந்துவிட்டான், திரும்ப வைத்ததில் இவள் தயக்கம் வந்துவிட்டது. எல்லாப் பத்தியையும் இப்படி ஆக்க வேண்டியதில்லை, ஆக்கினால் மூச்சு முட்டும். "மூன்று நாள் மழை பெய்தது" என்று கடந்துபோக வேண்டிய இடமும் நாவலில் உண்டு.

ஒவ்வொருவருக்கும் சில செல்லச் சொற்கள் இருக்கும். எனக்கு 'ஏனோ', 'மெல்ல', 'ஒரு கணம்'. என் ஒரு வரைவில் எல்லோரும் மெல்லவே நடந்துகொண்டிருந்தார்கள். அதோடு 'கொண்டிருந்தான்' என்று முடியும் வினைகளையும், தேவையில்லாமல் முன்னால் வந்து நிற்கும் 'ஒரு'வையும் தேடிப் பாருங்கள். பாதியை எடுத்துவிடலாம்.

உரையாடலில் பேச்சுமொழி எழுதினால் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து ஒரு தாளில் குறித்துவிடுங்கள். வந்துட்டானா, வந்திட்டானா? ஒரே ஆள் இரண்டையும் சொல்லக் கூடாது. வாணி போன்ற பிழைதிருத்திகள் ஒற்றுப் பிழைகளுக்கு உதவும், உரையாடல் பகுதியில் மட்டும் அவற்றின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பெயர் மாற்றும்போது கவனம். 'முருகன்' என்று தேடினால் 'முருகனை', 'முருகனுக்கு' எல்லாம் சிக்காது, புள்ளி போய்விடுகிறதே. 'முருக' என்று வெட்டித் தேட வேண்டும். 'மாலதி'யை ஒரே அமுக்கில் 'கமலா' ஆக்கினால் 'மாலதியை' என்பது 'கமலாயை' ஆகிவிடும். 'சுமதி' ஆக்கினால் தப்பித்தோம். இல்லையென்றால் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது தவிர வழியில்லை.

கடைசியாக ஒரு சுற்று, வாய்விட்டு வாசியுங்கள். தொண்டை தாங்காவிட்டால் கைபேசியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் குரலில் உணர்ச்சி கிடையாது, அதுதான் நல்லது. விட்டுப்போன சொல்லை அது நம்மைப் போல மனதுக்குள் நிரப்பிக்கொள்ளாது. பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டால் போய்வரும் நேரத்திலேயே ஒரு அத்தியாயம் முடிந்துவிடும்.

எப்போது நிறுத்துவது

போன வாரம் எடுத்த சொல்லை இந்த வாரம் திரும்ப வைக்கிறீர்கள் என்றால் முடிந்துவிட்டது. பதிப்பாளர் கேட்கும் வடிவத்தில் கோப்பைத் தயாரித்து, தேதி போட்டு ஒரு நகலைத் தனியே பூட்டி வைத்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பிய மறுநாளே 83-ஆம் பக்கத்தில் ஒரு பிழை கண்ணில் படும், நிச்சயமாகப் படும். உடனே திருத்திய கோப்பை மறுபடி அனுப்பாதீர்கள், எது சரியான நகல் என்று அங்கே குழம்பிவிடும். 'மாற்றங்கள்' கோப்பில் பக்க எண்ணோடு குறித்து வைத்து, அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் மெய்ப்பு வரும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.